இருமல் இருக்கட்டும்

எங்கள் வானொலி நிலையத்தில் இசைத்தட்டுகளைக் கீறுவதற்கென்றே ஓர் அக்கா இருந்தார். ஒரு தட்டில் ஆறு பாட்டு இருந்தால், அதில் ஒலிபரப்பக் கூடாத பாட்டு எதுவோ அதன் மேல் மட்டும் குறுக்கே ஒரு கோடு விழும். கொண்டையில் செருகியிருக்கும் ஊசியை எடுப்பார், கீறுவார், ஊசியை முந்தானையில் துடைத்து மறுபடியும் கொண்டையில் செருகிக்கொள்வார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை யாரும் தெரியாமல்கூடப் போட்டுவிட முடியாது. முள் எகிறிவிடும்.

எழுபதுகளின் கடைசியில் நான் மலேசியாவில், கோப்பெங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். வாரத்தில் சில மாலைகள் பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்து பகுதி நேர அறிவிப்பாளராக வேலை பார்த்தேன். பிறந்தநாள் வாழ்த்து, நேயர் விருப்பம், மரண அறிவிப்பு எல்லாம் படிப்பேன். அக்கா நிரந்தர ஊழியர். தமிழ்ப் பகுதியில் போகிற பாட்டு, நாடகம், பேச்சு அத்தனையையும் முன்கூட்டியே கேட்டு, இது போகலாம், இது போகக் கூடாது என்று சொல்வது அவர் பொறுப்பு. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். ஆனால் நிலையத்தில் அவரைவிட மூத்தவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

நான் சேர்ந்த புதிதில் புதுப்படப் பாட்டு ஒன்றை அவர் கீறுவதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல மெட்டு. கோப்பெங்கில் என் மாணவர்களே அதை முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்கள்.

“இதுல என்னக்கா தப்பு? ரெண்டு பேரும் மழையில நனையுறாங்க. அவ்வளவுதானே?”

“சார், இந்தப் பாட்ட நீங்க எங்க கேட்டீங்க?”

“இங்கதான். இப்ப.”

“இங்க நீங்களும் நானும் வேலைக்கு வந்திருக்கோம். தோட்டத்து லயத்துல வச்சுக் கேளுங்க. ஒரே ஒரு ரேடியோ. மாமனார் வெத்தல போட்டுக்கிட்டு இருக்காரு. மருமக அரிசியில கல்லு பொறுக்குது. பிள்ளைங்க பாடம் எழுதுதுங்க. இந்தப் பாட்டு வருது. யாராவது எந்திரிச்சுப் போயி அடைக்கணும். யார் எந்திரிப்பா?”

ஊசியை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவரே தொடர்ந்தார்.

“யார் எந்திரிச்சாலும் அவங்களுக்கு அர்த்தம் புரிஞ்சுபோச்சுன்னு ஆயிடும்லா. அதனால யாரும் எந்திரிக்க மாட்டாங்க. பாட்டு முடியுற வரைக்கும் அத்தன பேரும் தரையப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. எதுக்கு அவங்களுக்கு அந்தத் தண்டன?”

ஆபாசம், பண்பாடு என்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றித்தான் பேசினார். அவர் பிறந்தது அப்படி ஒரு லயத்தின் வரிசை வீட்டில் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது அந்தக் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு ஈப்போ ஓரத்துப் புந்தோங்குக்கு வந்திருக்கிறது.

அதற்காக அவர் சொன்னதெல்லாம் எனக்குச் சரியாகப் பட்டது என்றில்லை. ஒரு வீட்டுக் கூச்சத்துக்காக ஊர் முழுக்க ஒரு பாட்டை நிறுத்துவதா என்று பலமுறை வாதாடியிருக்கிறேன். “வேணுங்கிறவங்க தட்டு வாங்கிப் போட்டுக் கேக்கட்டும் சார். நான் கடையிலயா போயிக் கீறினேன்?” என்பார். தான் கீறிய பாட்டைத் தானே முணுமுணுத்தபடி தாழ்வாரத்தில் நடந்து போவார். அந்த மழைப்பாட்டின் சரணம் எனக்கு இன்றைக்கும் நினைவிருப்பது அவர் குரலில்தான்.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. தாம் தயாரித்த நிகழ்ச்சி போகும்போது அவர் ஒலிப்பதிவு அறையில் இருக்க மாட்டார். உள்ளங்கை அளவு டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே காவலாளியின் கொட்டகைக்குப் போய்விடுவார். அங்கே லாரி சத்தம், மோட்டார் சைக்கிள் சத்தம், காவலாளி வெங்காயம் நறுக்குகிற சத்தம் எல்லாவற்றோடும் சேர்த்துக் கேட்பார். உள்ளேதான் நல்ல ஒலிபெருக்கி இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, “அதுல கேட்டா எல்லாமே நல்லாத்தான் இருக்கும்” என்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பொதுத்தேர்தல் வந்தது. கட்சிச் சின்னங்களைப் போற்றுகிற மாதிரி எதுவும் ஒலிபரப்பில் வந்துவிடக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் பழைய பாட்டு ஒன்று போனது. அதில் நீதியின் தராசு என்று ஒரு வரி. ஒரு கட்சிக்குச் சின்னம் தராசு. உடனே ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டுச் சண்டை பிடித்தார்.

அக்கா அந்தப் பாட்டை எடுத்து வைத்தார். அதோடு நிற்கவில்லை. இன்னொரு கட்சிக்கு ராக்கெட். நல்ல வேளையாக ராக்கெட்டைப் பற்றி எங்கள் அலமாரியில் ஒரு பாட்டும் இல்லை. மூன்றாவதாக, மலாய்க்காரர்களின் கட்சி ஒன்றுக்கு நிலா.

“அக்கா, தமிழ்ப் பாட்டுல இருந்து நிலாவ எடுத்துட்டா அப்புறம் என்ன மிஞ்சும்?”

“தராச எடுத்தா நிலாவையும் எடுக்கணும். ஒருத்தருக்கு மட்டும்னா எப்படி?”

“நிலாக் கட்சிக்கு நம்ம ஆளுங்க யாரும் ஓட்டுப் போடப் போறதில்லக்கா.”

“அது எனக்கு எதுக்கு சார்?”

காதல் பாட்டு, சோகப் பாட்டு, தாலாட்டு என்று நிலா வந்த தட்டெல்லாம் ஒரு பெட்டிக்குள் போயின. கீறவில்லை, தேர்தல் முடியும்வரை ஒதுக்கி மட்டும் வைத்தார். அந்த நாட்களில் நேயர் விருப்பம் படிப்பது எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. புந்தோங்கிலிருந்து ஒரு தாய் கூப்பிட்டு, “நிலாப் பாட்டு போட்டாத்தான்யா என் பிள்ள சோறு திங்கிது, ஏன் போட மாட்டேங்குறீங்க?” என்று கேட்டார். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அதே தேர்தலில்தான் அக்காவுக்கு ஒரு சோதனை வந்தது.

தமிழில் பேச விரும்பிய கட்சிகளுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். பேச்சை முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். யாரையும் தனிப்பட்ட முறையில் ஏசக் கூடாது. ஒப்புதல் கிடைத்த பிறகு நிலையத்துக்கு வந்து பேசினால் ஒலிநாடாவில் பதிவு செய்துகொள்வோம். இரண்டு முறை ஒலிபரப்பு, இடையில் சில நாட்கள்.

எங்களிடம் எதிரெதிர்க் கட்சி வேட்பாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஈப்போவில் பெயர் பெற்ற வழக்கறிஞர். மோட்டார் காடியில் வந்து இறங்கினார். தட்டெழுதிய தாளைப் பார்த்து ஒரே மூச்சில் வாசித்துவிட்டுப் போனார். வாக்கியத்துக்கு வாக்கியம் தொண்டையைக் கனைப்பார், அவ்வளவுதான்.

மற்றவர் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்த தொழிற்சங்கப் பெரியவர். ரப்பர் தகடுகளைப் புகையில் உலர்த்தும் கொட்டகையில் காலமெல்லாம் வேலை செய்தவர். அந்தப் புகை அவர் நெஞ்சில் தங்கிவிட்டிருந்தது. நாலு வார்த்தை பேசினால் ஓர் இருமல் வந்தது.

“தண்ணி குடிச்சிட்டுப் பேசுறீங்களா ஐயா?” என்று அக்கா கேட்டார்.

“குடிச்சாலும் வரும்மா. அது வராம நான் பேசுனதே இல்ல.”

பேசி முடித்தபோது ஐந்து நிமிடத்தைத் தாண்டிவிட்டது. விதிப்படி மிஞ்சியதை வெட்ட வேண்டும். மிஞ்சியதில்தான் விஷயமே இருந்தது. லயத்துக்கு வரும் தண்ணீர்க் குழாயைப் பற்றியும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களை வீட்டைக் காலி செய்யச் சொல்வதைப் பற்றியும் அவர் கடைசியில்தான் பேசியிருந்தார்.

அக்கா நாடாவை ஓடவிட்டு ஓடவிட்டுக் கேட்டார். பிறகு சவர பிளேடை எடுத்தார். இருமல் வரும் இடங்களை மட்டும் வெட்டி எடுத்து, பேச்சை ஒட்ட ஆரம்பித்தார். ஓர் இருமல் ஏறக்குறைய ஒரு சாண் நீளம். ஒவ்வொன்றாகக் குப்பைக்கூடையில் விழுந்தது. பெரியவரின் ஒரு வார்த்தைகூடக் குறையவில்லை. பேச்சு ஐந்து நிமிடத்துக்குள் அழகாக அடங்கிவிட்டது.

எனக்கு அது பெரிய உபகாரமாகத் தோன்றியது. அக்காவின் முகத்தில் நிம்மதி இல்லை.

“இவருக்குச் சுத்தம் பண்ணிக் கொடுத்துட்டேன். அவருக்கு?”

“வக்கீல் பேச்சு அளவாத்தானே இருக்கு?”

“அளவு சரி. இவருக்கு ஒரு சலுகைன்னா அவருக்கும் உண்டு.”

வழக்கறிஞரின் நாடாவை மாட்டி, அவருடைய கனைப்புகளையும் ஒவ்வொன்றாக வெட்டிப் போட்டார். அன்று மாலை இரண்டு பேச்சும் ஒலிபரப்பாயின. அக்கா வழக்கம்போல டிரான்சிஸ்டரோடு காவலாளிக் கொட்டகையில் நின்று கேட்டுவிட்டு வந்து, ரெண்டும் தெளிவாக இருந்தன என்றார்.

மறுநாள் மதியம் பெரியவர் வந்துவிட்டார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் இருந்தேன். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. நாற்காலி போட்டோம். உட்காரவில்லை.

“யாரும்மா அது, நேத்து ரேடியோவுல பேசுனது?”

“நீங்கதான் ஐயா.”

“நான் இல்லம்மா. நான் பேசுனா இருமுவேன்லா. என் வீட்டுக்காரி ரேடியோவப் பாத்து, யாரு இது உங்க பேரச் சொல்லிக்கிட்டுன்னு என்னையே கேக்குறா. கோப்பிக்கடையில ஒரு கூட்டம் பேசிக்கிட்டு இருக்கு. படிச்ச ஆளு எவனையோ வச்சுப் பேச வச்சிட்டேனாம்.” இருமல் வந்தது. அது அடங்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இத்தன வருசமா தோட்டத்து ஆளுங்களுக்காக நான் போயி மானேஜர்கிட்ட பேசியிருக்கேன். இப்ப எனக்காக வேற எவனோ பேசுனதா ஆயிப்போச்சு.”

அக்கா நடந்ததைச் சொன்னார். ஐந்து நிமிட விதி, தண்ணீர்க் குழாய், வெட்டிய இருமல்கள், வழக்கறிஞரின் கனைப்பு எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். பெரியவர் தலையாட்டிக் கேட்டார்.

“நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா என்னைய ஒரு வார்த்த கேக்கலியே?”

அக்காவின் முகம் அப்படி மாறி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எதிரே இல்லாதவர்களுக்காகவே வேலை பார்த்தவர். லயத்தில் உட்கார்ந்திருக்கும் மருமகளுக்காக, தமிழர் ஒருவரும் ஓட்டுப் போடாத கட்சிக்காக யோசித்தவர். இந்த மனிதர் நேரில் வந்து கண்ணெதிரே பேசிவிட்டுப் போயிருக்கிறார். அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

“இப்படி உட்காருங்க ஐயா. வாரேன்” என்று சொல்லிவிட்டு நேராக நிலைய அதிகாரியின் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அதிகாரி அமைதியான மலாய்க்காரர். முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“ஒப்புதல் கொடுத்த தாளில் இருமல் இல்லையே. இல்லாததைச் சேர்க்க முடியாது” என்றார் மலாயில்.

“அவர் இங்கே பேசும்போது இருந்தது துவான். நான்தான் எடுத்துவிட்டேன்.”

“இருமல் அரசியல் பேச்சா?”

“எனக்குத் தெரியவில்லை துவான்.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு, சேர்த்துக்கொள், ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு நொடியும் போகக் கூடாது, மற்றவரையும் கேட்டுவிடு என்றார். நான் வழக்கறிஞரின் அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டேன். உங்கள் கனைப்பையும் வேண்டுமானால் திரும்பச் சேர்க்கிறோம் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. “வேணாம் சார். நேத்துக் கேட்டேன், நல்லாருந்துச்சு. அப்படியே இருக்கட்டும்” என்றார் அவர்.

துப்புரவுப் பணியாளர் கூடையை இன்னும் கொட்டியிருக்கவில்லை. அக்கா அதைத் தரையில் கவிழ்த்தார். வாழைப்பழத் தோலுக்கும் காகிதத்துக்கும் நடுவே பழுப்பு நிற நாடாத் துண்டுகள் சுருண்டு கிடந்தன. ஒவ்வொன்றாகத் துடைத்து, இயந்திரத்தின் ஒலியைப் படிக்கும் முனையில் வைத்துக் கையால் இழுத்துக் கேட்டோம். பெரியவர் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

“இது நான் இல்ல. இது வக்கீலு.”

அடுத்த துண்டு. “இது நான்தான். தண்ணிக் குழாயப் பத்திச் சொல்றப்ப வந்தது.”

“எப்படி ஐயா தெரியுது?” என்று கேட்டேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

“அழுத்தி வருது பாருங்க. கோவத்துல வர்றது அப்படித்தான் வரும்.”

எல்லாம் கிடைக்கவில்லை. சில துண்டுகள் காலில் மிதிபட்டு மடங்கிப் போயிருந்தன. கிடைத்தவற்றை அவர் சொன்ன இடங்களில் அக்கா ஒட்டினார். சில இடங்களில் வார்த்தையின் வால் இருமலோடு போயிருந்தது. இப்போது மறுபடியும் சேர்ந்துகொண்டது. ஓட்டிப் பார்த்தோம். அறையில் பெரியவரே பேசுவது போல இருந்தது. நேரமும் பழையபடி ஐந்து நிமிடத்தைத் தாண்டியிருந்தது.

பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா அவரைப் பார்த்துத் திரும்பினார்.

“கொஞ்சம் வெட்டித்தான் ஆகணும் ஐயா. எத எடுக்கட்டும்? நீங்களே சொல்லுங்க.”

பெரியவர் யோசித்தார். குழாயை எடுக்க மனம் வரவில்லை. வீட்டு விஷயத்தையும் விட முடியவில்லை. மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“கடைசியில, எனக்கு ஓட்டுப் போடுங்கன்னு கும்பிட்டுச் சொல்றேன்ல? அத எடுத்துருங்க.”

“ஐயா, அதுக்குத்தானே வந்து பேசுனீங்க?”

“எதுக்குப் பேசுறேன்னு அவங்களுக்குத் தெரியாதாம்மா? நான்தான் பேசுறேன்னு தெரிஞ்சா போதும். இருமல் இருக்கட்டும்.”

அக்கா அவர் சொன்ன இடத்தை மெழுகுப் பென்சிலால் குறித்தார். வெட்டுவதற்கு முன் அவரிடம் ஒருமுறை ஓட்டிக் காட்டினார். அவர் சரி என்ற பிறகுதான் பிளேடை வைத்தார்.

இரண்டாவது ஒலிபரப்பை நான் புந்தோங்கில் ஒரு கோப்பிக்கடையில் கேட்டேன். வேண்டுமென்றேதான் போனேன். வேலை முடித்து வந்தவர்கள் தே தண்ணியோடு உட்கார்ந்திருந்தார்கள். சில பேர் பெரியவரின் தோட்டத்துப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். வழக்கறிஞர் பேசும்போது அவரவர் பேச்சு அவரவருக்கு. அடுத்துப் பெரியவர் ஆரம்பித்தார். முதல் இருமல் வந்ததும் தே கலக்கிக்கொண்டிருந்தவர் குவளையைக் கீழே வைத்தார்.

“இந்தா, இவருதான். போன வாட்டி எவனோ பேசுனான்லா.”

“சத்தத்தக் கூட்டுங்கண்ணே” என்று ஒருவர் சொன்னார்.

கடைக்காரர் எட்டிக் குமிழைத் திருகினார். தண்ணீர்க் குழாய் வந்தது. அழுத்தமான அந்த இருமலும் வந்தது. ஒருவர் “ஆமா” என்றார், இருமலுக்கே பதில் சொல்வது போல. பேச்சு, ஓய்வு பெற்றவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வியோடு நின்றுவிட்டது.

“ஓட்டுப் போடச் சொல்லலியே?” என்று ஒரு இளைஞன் கேட்டான்.

பெரியவர் அந்தத் தேர்தலில் தோற்றார். வழக்கறிஞர் நல்ல வித்தியாசத்தில் வென்றார். ஆனால் கோப்பிக்கடைகளில் வேறு ஆள் பேசிய கதை நின்றுபோனது என்று பெரியவர் பிறகு ஒருநாள் வந்தபோது சொன்னார். தோட்டத்து ஆட்கள் மறுபடியும் அவரைத்தான் மானேஜரிடம் பேச அனுப்புகிறார்களாம். அக்காவுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். தேர்தல்தான் முடிந்துவிட்டதே, வாங்கலாம்தானே என்று என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் அக்கா அதை வாங்கினார்.

அதன் பிறகு ஒலிப்பதிவுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் ஒரு கேள்வி கேட்பார். கதாகாலட்சேபம் செய்பவர், சுகாதார அதிகாரி, கோயில் தலைவர், யாரானாலும் சரி. “மூச்சு, கனைப்பு, இருமல் வந்தா எடுத்துடவா, இருக்கட்டுமா?” பாதிப் பேருக்குக் கேள்வியே புரியாது. விழிப்பார்கள். புரியும்வரை விடமாட்டார். பாட்டுகளுக்கு மட்டும் முன்போலவே தீர்ப்புச் சொன்னார். அதை யாரிடம் கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் பஸ் நிலையம்வரை கூடவே நடந்தேன். எனக்கு ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும், எந்தக் கட்சிப் பேச்சைக் கேட்டாலும் அவர் முகத்தில் ஒன்றும் தெரிந்ததில்லை. கோஷம் போட்டுக்கொண்டு லாரி போனால்கூட எந்தப் பக்கத்து லாரி என்று நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

“அக்கா, அந்தத் தேர்தல்ல நீங்க ஓட்டுப் போட்டீங்களா?”

“போட்டேனே. காலையிலேயே போயி வரிசையில நின்னேன்.”

கோப்பெங் பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

“யாருக்குன்னு மட்டும் கேக்காதீங்க சார்” என்றார். “கேட்டா சொல்லிடுவேன்.”

நான் கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.